பழைய காருக்குச் சரியான வாட்டர் பம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் 1968 மாடல் அம்பாசிடர் மார்க் 2 இருக்கிறது. அதைத் தூக்கி நிறுத்தி ஓட்ட ஆரம்பித்த பிறகு என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தண்ணீரைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப்பை மூன்று முறை மாற்றினேன். முதல் இரண்டும் வீண்செலவு. அதில் ஒன்று ரேடியேட்டரையும் சேர்த்துக் கிழித்துவிட்டது. அப்புறம் நண்பர்களின் ஹெரால்ட், மைனர், ஃபியட் என்று பல வண்டிகளுக்காகப் பம்ப் தேடி அலைந்திருக்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுப் பம்ப் வந்து, மாட்டி, வண்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடி முடிக்கும்வரை பழைய பம்ப்பை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பழைய இரும்புக்காரர் கண்ணில் படவே வேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

வண்டி சூடாகிறது. பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். பம்ப் போனால் அது பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும்.

என்ஜின் ஆறியிருக்கும்போது ஃபேனின் இரண்டு இறக்கைகளை, மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு பம்ப் உடலின் அடியில், சுற்றும் தண்டான ஷாஃப்ட்டுக்கு நேர் கீழே, ஒரு சின்னத் துளை இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தத் துளையிலிருந்து துருக்கறை கோடு போட்டு இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் சீல் தண்ணீரை விட ஆரம்பித்துவிட்டது. என்ஜின் ஓடும்போது மாவு மில் மாதிரி ஒரு கரகரப்பு வந்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றியதும் அது நின்றால், டைனமோ பேரிங், பம்ப் பேரிங் இரண்டில் ஒன்று போயிருக்கிறது. இரண்டையும் கையால் சுற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இந்த மூன்றும் இல்லாமல் வண்டி சூடானால் நான் முதலில் ரேடியேட்டரைத்தான் சந்தேகிப்பேன். நம் ஊரில் பல வண்டிகள் காலமெல்லாம் போர்த் தண்ணீரைக் குடித்தே ஓடியவை. கெட்டிலில் படிகிற அதே உப்பு, ரேடியேட்டரின் குழாய்களிலும் படிந்து அடைத்திருக்கும். பெல்ட் தளர்ந்திருக்கலாம், தீப்பொறி விழும் டைமிங் பின்தங்கியிருக்கலாம். யாரோ கழற்றியபோது ஃபேனை முன்பின்னாக மாற்றி மாட்டியிருக்கலாம். இதை நான் இரண்டு வண்டிகளில் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் பேக்கிங்கைப் பார்க்க வேண்டும்.

பம்ப் ஒழுகாமல், ஆடாமல் இருந்தும் வேலை செய்யாமல் போகும் நிலை ஒன்று உண்டு. உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் இதழ்களைத் துரு அரித்துத் தின்றிருக்கும், அல்லது இம்பெல்லர் ஷாஃப்ட்டிலிருந்து நழுவிச் சும்மா நின்றிருக்கும். ஷாஃப்ட் மட்டும் சுற்றும், தண்ணீர் நகராது. பம்ப்பைக் கழற்றினால்தான் இது தெரியும். அதனால் மற்றவற்றைப் பார்த்து முடித்த பிறகே கழற்றுங்கள்.

என் வண்டி அம்பாசிடர். "அம்பாசிடர் வாட்டர் பம்ப்" என்று கேட்டால் போதாதா?

போதாது. பம்ப் காருக்குச் சொந்தமானதல்ல, என்ஜினுக்குச் சொந்தமானது.

அம்பாசிடர் 1950களின் பிற்பகுதியில் உத்தரப்பாராவில் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரானது. வெளியில் பார்க்க ஏறக்குறைய ஒரே வண்டி. பானெட்டைத் திறந்தால் வேறு வேறு உலகம். முதலில் வந்தவற்றில் 1476 சி.சி. சைடு வால்வ் என்ஜின். 1959 வாக்கில் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வ் என்ஜின் வந்தது. இது பிஎம்சி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பம். நம்மில் பெரும்பாலோர் 'அம்பாசிடர் என்ஜின்' என்று சொல்வது இதைத்தான். அப்புறம் அதே 1489 சி.சி. அளவில் டீசல். 1990களின் தொடக்கத்தில் 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல். அதற்கும் பிறகு 2 லிட்டர் இசுசு டீசல். பி-சீரிஸில் எல்லாம் அங்குலக் கணக்கு. இசுசுவில் எல்லாம் மில்லிமீட்டர். ஒன்றின் பம்ப் மற்றொன்றில் உட்காராது.

கடைக்காரரிடம் ஆண்டைச் சொல்வதைவிட என்ஜினைச் சொல்லுங்கள்: "1489 பெட்ரோல், பழைய பிஎம்சி." இதைக் கேட்டதும் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் முகத்தைப் பாருங்கள். அவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது அங்கேயே புரிந்துவிடும்.

ஆர்.சி. புத்தகத்தில் ஒரு என்ஜின் எண், வண்டியில் வேறு எண். எதை நம்புவது?

பம்ப் வாங்குவதற்கு, பிளாக்கில் இருக்கும் எண்ணை. பெட்ரோல் விலை ஏற ஏற, பழைய அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் டீசல் என்ஜினை இறக்கி ஓட்டியவர்கள் ஏராளம். எண் தகடே காணாமல் போயிருந்தால் என்ஜினின் இடப்பக்கம், வலப்பக்கம், முன்பக்கம் மூன்றையும் படம் எடுத்து, அந்த என்ஜினைப் பிரித்து மாட்டிய ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆர்.சி.யில் திருத்தம் செய்யும் வேலை தனி. அதையும் தள்ளிப் போடாதீர்கள்.

பழைய பம்ப்பில் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை தெரிந்திருந்தால் என் ரேடியேட்டர் பிழைத்திருக்கும்.

நான் வாங்கிய முதல் பம்ப் பார்க்க அச்சு அசலாக இருந்தது. போல்ட் துளைகள் பொருந்தின. ஹோஸ் வாய் பொருந்தியது. மாட்டினேன். ஃபேன் வழக்கத்தைவிட ரேடியேட்டருக்கு நெருக்கமாக நிற்பது போலத் தோன்றியது, ஆனால் கையால் சுற்றியபோது எதிலும் இடிக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது திடீர் பிரேக் போட்டேன். என்ஜின் தன் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் முன்னால் சாய்ந்தது. ஒரு கீறல் சத்தம், அதற்குப் பின்னாலேயே நீராவி. ஃபேன் ரேடியேட்டரின் நடுவில் அரைவட்டமாகக் கிழித்திருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு பம்ப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தேன். புதியதன் மூக்கு 6 மி.மீ. நீளம் கூடுதல்.

அதனால் முதல் அளவு இதுதான்: பம்ப் என்ஜினோடு ஒட்டும் தட்டை முகத்திலிருந்து, ஃபேனும் புல்லியும் உட்காரும் ஹப் முகம்வரை எவ்வளவு? வெர்னியரால் எடுங்கள். ஸ்கேலால் எடுத்தால் ஒரு மில்லிமீட்டர் அங்கே இங்கே போகும். இந்த அளவு தவறினால் ஃபேன் மட்டுமல்ல, பெல்ட்டும் சாகும். கிராங்க் புல்லி, பம்ப் புல்லி, டைனமோ புல்லி மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒரு நேரான அலுமினியப் பட்டையைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும்.

அடுத்தது இம்பெல்லர். அதன் விட்டம், இதழ்களின் எண்ணிக்கை, இதழ் எவ்வளவு தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. நீட்டம் அதிகமானால் பிளாக்கில் உரசும். குறைவானால் தண்ணீரைத் தள்ளாமல் கலக்கிக்கொண்டிருக்கும். பிறகு ஹப்பின் நடுத்துளை விட்டம், ஃபேன் போல்ட் துளைகளின் வட்டம், ஹோஸ் வாயின் வெளிவிட்டம், அது எந்தப் பக்கம் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பது. ஹீட்டருக்கு அல்லது பைபாஸுக்கு (ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே சுற்றும் வழி) தனி வாய் உண்டா என்று பாருங்கள். பெல்ட்டின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அகலப் பெல்ட் புல்லியில் ஒல்லிப் பெல்ட்டைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து வழுக்கும்.

பழைய பம்ப்பின் தட்டை முகத்தை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, சுற்றி பென்சில் ஓட்டி, துளைகளையும் குறித்துவிடுங்கள். இந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடை கடையாகப் போகலாம். பம்ப்பையே தூக்கிக்கொண்டு போவது இன்னும் நல்லது.

பம்ப் மேல் புடைத்துத் தெரியும் எண்தான் பார்ட் நம்பரா?

பெரும்பாலும் இல்லை. அது வார்ப்பு எண். ஃபவுண்டரியில் அந்த வார்ப்புக்குக் கொடுத்த அடையாளம். ஒரே வார்ப்பை எடுத்து, கடைசலில் வேறுபடுத்தி, இரண்டு பார்ட் நம்பர்களில் விற்றிருப்பார்கள். அதனால் வார்ப்பு எண் ஒத்துப்போனால் குடும்பம் சரி என்று எடுத்துக்கொள்ளலாம், உறுதியாகச் சொல்ல அளவுகள் வேண்டும். பிஎம்சி பாகங்களில் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தும் உதவும். 1எச், 12எச் என்று தொடங்கினால் பி-சீரிஸ். 2ஏ, 12ஏ என்றால் மைனரில் இருக்கும் ஏ-சீரிஸ். ஜிடபிள்யூபி என்று தொடங்குவது பிற்காலத்தில் பிரிட்டிஷ் லேலண்ட் காலத்து வாட்டர் பம்ப் எண்.

எண் துருவில் மறைந்திருந்தால் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, சாக்பீஸைச் சாய்த்துத் தடவுங்கள். எழுத்துகள் மேலெழுந்து தெரியும்.

பழைய பிரிட்டிஷ் எம்ஜி கார்களிலும் பி-சீரிஸ் என்ஜின்தானே? இங்கிலாந்திலிருந்து எம்ஜி பம்ப் வரவழைக்கலாமா?

யோசனை நல்லதுதான். எம்ஜிஏ 1500 காரில் இருந்ததும் 1489 சி.சி. பி-சீரிஸ்தான். எம்ஜிபியில் அதே குடும்பத்தின் 1798 சி.சி. என்ஜின். எம்ஜி கார்களுக்கு உலகம் முழுக்கப் பிரியர்கள் இருப்பதால் இன்றும் புதுப் பம்ப் தயாராகிறது. ஆனால் இந்தக் குடும்பத்துக்குள்ளேயே நீள மூக்கு, குட்டை மூக்கு என்று வகைகள் உண்டு. என் ரேடியேட்டரைக் கிழித்ததும் இந்த மாதிரி மூக்கு வித்தியாசம்தான். விற்பவருக்கு எழுதி, ஒட்டும் முகத்திலிருந்து ஹப் முகம்வரை அளந்து சொல்லச் சொல்லுங்கள். அளந்து சொல்ல மாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். கூரியரும் சுங்கமும் கட்டிய பிறகு திருப்பி அனுப்புவது நடக்காத காரியம்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு?

ஹெரால்ட் நம் ஊர் வண்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் தயாரித்தது. வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களில் இன்றும் அந்த வண்டியைப் பற்றிப் பேச்சு வரும்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. பம்ப் இரண்டு துண்டு. சிலிண்டர் ஹெட்டோடு ஒட்டியிருப்பது தெர்மோஸ்டாட்டையும் தாங்கும் கூடு. அதன் முன்னால் மூன்று ஸ்டட்டில் உட்காருவதுதான் பேரிங், ஷாஃப்ட், இம்பெல்லர் அடங்கிய பகுதி. கூடு நன்றாக இருந்தால் முன்துண்டு மட்டும் போதும். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரும் இதே என்ஜின் குடும்பம் என்பதால் வெளிநாட்டில் பாகம் கிடைக்கிறது. ஆனால் முன்காலத்து அகலப் பெல்ட் புல்லியா, பின்காலத்து ஒல்லிப் பெல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு வித்தியாசம்: ஹெரால்டில் ஃபேன் பம்ப்பில் இல்லை, கிராங்க் புல்லியில் இருக்கிறது. அதனால் அதன் பம்ப் பேரிங்குக்குப் பெல்ட்டின் இழுப்பு மட்டும்தான் சுமை. அம்பாசிடரில் ஃபேனின் எடையும் ஆட்டமும் பம்ப் ஷாஃப்ட்டின் தலையிலேயே விழுகின்றன. ஓர் இறக்கை வளைந்த ஃபேனை அப்படியே மாட்டினால் நல்ல பேரிங்கையும் சில மாதத்தில் தின்றுவிடும். அம்பாசிடர்காரர்கள் பம்ப் மாற்றும்போது ஃபேனையும் சோதிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இலங்கையிலிருந்து ஒருவர்: "எங்கள் தாத்தாவின் மோரிஸ் மைனரில் பம்ப்பையே காணவில்லை. யாரோ கழற்றிவிட்டார்களா?"

கழற்றியிருக்க மாட்டார்கள். 1948இல் வந்த முதல் மைனரில், அதாவது 918 சி.சி. சைடு வால்வ் என்ஜின் கொண்ட எம்எம் வரிசையில், தொடக்கத்தில் வாட்டர் பம்ப்பே கிடையாது. சூடான நீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். அந்த ஓட்டத்தை நம்பியே ரேடியேட்டரை அமைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட வண்டிக்குப் பம்ப் தேடுவதைவிட ரேடியேட்டரைச் சுத்தமாக வைப்பதும், நீர் மட்டம் மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். மட்டம் இறங்கினால் சுழற்சி நின்றுவிடும்.

1952க்குப் பிறகு வந்த 803, 948, 1098 சி.சி. மைனர்களில் ஏ-சீரிஸ் என்ஜின். அவற்றில் பம்ப் உண்டு. அதோடு ஒரு தலைவலியும் உண்டு. பம்ப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம்கூட இல்லாத இடத்தில் ஒரு குட்டி பைபாஸ் ஹோஸ் இருக்கும். பம்ப் கழன்றிருக்கும்போது அதை மாற்றுவது சுலபம். பம்ப்பை மாட்டிய பிறகு அதைத் திணிப்பது விரலைத் தோலுரிக்கும் வேலை. புதுப் பம்ப் வாங்கும் அன்றே அந்த ஹோஸையும் இரண்டு கிளிப்பையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டவர்கள் எல்லாரும் மறுபடி கழற்றியிருக்கிறார்கள்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் இன்றும் மைனர் பாகம் விசாரிக்கலாம்.

இந்தியாவில் எங்கே தேடுவது?

சென்னையில் புதுப் பாகத்துக்கு ஜி.பி. ரோடு, கழற்றிய பாகத்துக்குப் புதுப்பேட்டை. பெங்களூரில் ஜே.சி. ரோடு. அம்பாசிடர் என்றால் கொல்கத்தாவின் மல்லிக் பஜார். அந்த ஊரில் டாக்சியாகவே ஆயிரக்கணக்கில் ஓடிய வண்டி அது. டெல்லியில் கஷ்மீரி கேட்.

ஆனால் என் அனுபவத்தில் பெரிய சந்தைகளைவிடச் சின்ன ஊர்களில் பலன் அதிகம். ஒரு காலத்தில் டாக்சி ஸ்டாண்டு இருந்த ஊர்களில், பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில், அப்பா நடத்திய ஸ்பேர் கடையை மகன் நடத்திக்கொண்டிருப்பார். பரணில் என்ன கிடக்கிறது என்று அவருக்கே தெரியாது. காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போய், தாளில் வரைந்ததைக் காட்டி, ஏணி போட்டு ஏறிப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். என் மூன்றாவது பம்ப், இன்று வண்டியில் ஓடுவது, அப்படித்தான் கிடைத்தது. உடைந்த ஹப்போடு, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது.

பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் கிடைத்தது. அப்படியே மாட்டலாமா?

பெட்டி புதிதாக இருக்கலாம், உள்ளே இருக்கும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. முப்பது நாற்பது ஆண்டு அலமாரியில் இருந்த சீல் இறுகிப்போயிருக்கும், கிரீஸ் மெழுகாகியிருக்கும். கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கட்டிக்கட்டியாகத் தட்டுப்பட்டால் பேரிங் பாதையில் துரு. சீராகச் சுற்றினாலும் சீலை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு மாட்டுவதே என் வழக்கம். உடலும் ஷாஃப்ட்டும் அந்தக் காலத்து வார்ப்பு. அதற்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

புதுப் பம்ப் வாங்குவதா, பழையதையே ரிப்பேர் செய்வதா?

பழைய உடல் விரிசல் இல்லாமல் இருந்தால் பழையதைத்தான் சரிசெய்ய வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் என்ஜினில் ஐம்பது வருடம் பொருந்தி நின்ற உடல் அது. மூக்கு நீளம், ஹோஸ் கோணம் எதையும் தேட வேண்டாம். சந்தையில் கிடைக்கும் மலிவான புதியவற்றில் சில, தகடு அடித்த இம்பெல்லரோடும் மெல்லிய வார்ப்போடும் வருகின்றன. நான் வாங்கிய இரண்டாவது பம்ப் அப்படிப்பட்டது. அளவெல்லாம் சரி, எட்டு மாதத்தில் சீல் போய்விட்டது.

உள்ளே மாற்ற வேண்டியவை மூன்றுதான்: பேரிங், சீல், தேவைப்பட்டால் இம்பெல்லர். பழைய பி-சீரிஸ் பம்ப்களில் நடுவில் ஒரு குழாய்த்துண்டு வைத்து இரண்டு தனி பால் பேரிங் இருக்கும். பிந்தியவற்றில் ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஒரே துண்டு. இந்த ஒரே துண்டு வகை நல்ல பேரிங் கடையில் அளவு சொன்னால் கிடைக்கும்: வெளிவிட்டம், வெளிவளையத்தின் நீளம், ஷாஃப்ட் விட்டம், இரண்டு பக்கமும் ஷாஃப்ட் எவ்வளவு நீட்டுகிறது. நீட்டம் கூடுதலாக இருந்தால் லேத்தில் வெட்டிக்கொள்ளலாம். குறைவாக இருந்தால் வேண்டாம்.

பிரிக்கும்போது சுத்தியலை எடுப்பதற்கு முன் உடலின் மேல் துளையைப் பாருங்கள். பல பிஎம்சி பம்ப்களில் பேரிங்கை நகராமல் பிடிக்க ஒரு மெல்லிய கம்பி அங்கே செருகியிருக்கும். அதை எடுக்காமல் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினால் உடல் பிளந்துவிடும். நல்ல உடல்கள் பல இப்படித்தான் பழைய இரும்புக்குப் போயின.

லேத் பட்டறையில் டர்னர் பக்கத்திலேயே நின்று நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள். பேரிங்கை உள்ளே தள்ளும்போது அழுத்தம் வெளிவளையத்தில் விழ வேண்டும், ஷாஃப்ட்டில் அல்ல. எண்ணெய் விடும் துளை உள்ள பம்ப் என்றால் உடலின் துளையும் பேரிங்கின் துளையும் நேராக வர வேண்டும். சீல் உரசும் முகத்தில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஒரு மெல்லிய கட் எடுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும்; அந்த முகத்தையும் சீலின் கார்பன் வளையத்தையும் எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. கடைசியாக, இம்பெல்லர் இதழுக்கும் உடலுக்கும் நடுவே பி-சீரிஸில் 0.020 முதல் 0.030 அங்குலம் இடைவெளி. நம் கணக்கில் அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை இதழுக்கு அடியில் விட்டுப் பார்த்துக்கொண்டே அழுத்தச் சொல்லுங்கள். ஹப் முகம் ஷாஃப்ட் நுனியோடு சமமாக நிற்க வேண்டும். அது முடிந்ததும் அங்கேயே வெர்னியரை எடுத்து, கழற்றுவதற்கு முன் குறித்த முதல் அளவோடு ஒப்பிடுங்கள்.

உடலே உடைந்துவிட்டது, எங்கேயும் கிடைக்கவில்லை. வார்த்துக்கொள்ளலாமா?

அபூர்வமான வண்டிக்கு அதுதான் வழி. கோயம்புத்தூரில் பம்ப்பும் வார்ப்பும் பரம்பரைத் தொழில். ஒரே ஒரு துண்டு வார்த்துத் தரச் சம்மதிக்கும் சின்ன ஃபவுண்டரிகள் அங்கே உண்டு. ஆனால் உடைந்த பம்ப்பை ஒட்டி அதையே அச்சாக மணலில் பதிக்க விடாதீர்கள். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு சுமார் 1 சதவீதம், அலுமினியம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். பழைய துண்டையே அச்சாக்கினால் புதியது சிறுத்து வரும், போல்ட் துளைகள் உள்ளே தள்ளிவிடும், கடைசலுக்கும் சதை இருக்காது. சுருக்கத்துக்கும் கடைசலுக்கும் சேர்த்துப் பெரிதாக்கிய பேட்டர்ன் (மணலில் பதிக்கும் மாதிரி) ஒன்றை மரத்திலோ 3டி பிரிண்ட்டிலோ செய்ய வேண்டும். ஒன்றுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி பேட்டர்னுக்கே போய்விடும் என்பதால், அதே வண்டி வைத்திருக்கும் நான்கு பேர் சேர்ந்து செய்தால் தாங்கும்.

ஒரு போல்ட் தொலைந்துவிட்டது. 8 மி.மீ. போல்ட் சரியாக இருக்கிறதே?

சரியாக இருப்பது போலத் தெரியும். பிஎம்சியில் அந்த இடத்துப் போல்ட்டுகள் 5/16 அங்குலம். அது 7.94 மி.மீ. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மரையின் இடைவெளி வேறு. 8 மி.மீ. போல்ட்டில் ஒரு மரைக்கு 1.25 மி.மீ. அங்குலக் கரடுமரையில் 1.41, மென்மரையில் 1.06. கையால் இரண்டு சுற்று உள்ளே போகும், அப்புறம் இறுகும். இறுக்கம் வந்துவிட்டது என்று ஸ்பானரைப் போட்டால் பிளாக்கின் மரை உதிரும். வார்ப்பிரும்பில் உதிர்ந்த மரையைச் சரிசெய்வது போல்ட்டைத் தேடுவதைவிடப் பல மடங்கு வேலை.

போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமும் அல்ல. ஒரு அட்டையில் பம்ப்பின் உருவத்தை வரைந்து, கழற்றும் வரிசையில் அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

பேக்கிங் எங்கே கிடைக்கும்?

பேக்கிங் ஷீட் வாங்கி நீங்களே வெட்டலாம். ஷீட்டைப் பம்ப் முகத்தில் வைத்து, சின்னச் சுத்தியலின் உருண்டை முனையால் விளிம்பு ஓரமாக மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் அதுவே வெட்டிக்கொள்ளும். பழைய பேக்கிங்கின் சக்கையை இரண்டு முகத்திலிருந்தும் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள். சிலிகான் போட்டால் மெல்லிய பூச்சு போதும். அள்ளி அப்பினால் உள்ளே பிதுங்கியது பிய்ந்து ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும்.

மாட்டிய பிறகு அடித்துளையிலிருந்து ஒன்றிரண்டு சொட்டு வருகிறது. எம்-சீல் வைத்து அடைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். சீலைத் தாண்டி வரும் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியேறவே அந்தத் துளை. அதை அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும், சில வாரத்தில் ஃபேன் ஆட ஆரம்பிக்கும். புதுச் சீல் படிந்து உட்காரும்வரை முதல் சில மணி நேரம் லேசாகக் கசிவது உண்டு. நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடியும் நிற்கவில்லை என்றால் சீல் சரியாக உட்காரவில்லை. திரும்பக் கழற்ற வேண்டியதுதான். தண்ணீர் ஊற்றாமல் "ஒரு நிமிடம் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம்" என்று ஓட்டிவிடாதீர்கள். காய்ந்த சீல் அந்த ஒரு நிமிடத்திலேயே கருகும்.

பம்ப் மேலே ஒரு திருகு இருக்கிறது. கிரீஸ் அடிக்க வேண்டுமா?

பழைய பிஎம்சி பம்ப்களில் அது எண்ணெய் விடும் வாய். அந்தக் காலக் கையேடுகள் 12,000 மைலுக்கு ஒரு முறை எஸ்.ஏ.இ. 140 என்ற கெட்டி எண்ணெய் விடச் சொல்கின்றன, அதுவும் மிகக் கொஞ்சமாக. கிரீஸ் கன் வைத்து அழுத்தினால் அது பேரிங்கைத் தாண்டிக் கார்பன் சீலின் முகத்தில் போய் உட்காரும், சீல் தண்ணீரைப் பிடிக்காது. ஒரே துண்டு பேரிங் போட்டு மாற்றிய பம்ப்பில், அந்தப் பேரிங் மூடிய வகை என்றால், எதுவும் விட வேண்டாம்.

புதுப் பம்ப் நீண்ட நாள் உழைக்க என்ன செய்ய வேண்டும்?

போர்த் தண்ணீரை நிறுத்துங்கள். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். நம் வெயிலில் உறைபனிக்கு வேலை இல்லை, ஆனால் கூலன்ட்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்துதான் வார்ப்பிரும்பு பம்ப்பைக் காப்பாற்றுகிறது. முதலில் பழைய துருவைக் கழுவி எடுத்துவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் அது செங்கல் நிறமாகும்.

பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டாதீர்கள். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போக வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தால் திரும்ப வாங்கிப் போடுங்கள். பி-சீரிஸுக்கு வெப்ப நாடுகளில் 74 டிகிரியில் திறப்பதைத்தான் பரிந்துரைத்திருந்தார்கள். ரேடியேட்டர் மூடியும் கவனம். அந்தக் காலத்து பிஎம்சி கார்களின் மூடி 4 அல்லது 7 பவுண்டு அழுத்தத்துக்கானது. இன்றைய கார் மூடி அதைப் போல இரண்டு மடங்கு தாங்கும். அதைப் போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈய ஒட்டும் ஹீட்டர் ஹோஸும் பம்ப் சீலும்தான் அந்த அழுத்தத்தை வாங்கும்.

எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதே?

டைனமோ இருக்கும் வண்டியில் அதற்குக் கரண்ட் போதாது. ஐடிலில் நிற்கும்போதுதான் வண்டி அதிகம் சூடாகும், டைனமோ மிகக் குறைவாகக் கொடுப்பதும் அப்போதுதான். ஆல்டர்னேட்டராக மாற்றி, வயரிங்கையும் மாற்றினால் ஓடும். ஆனால் அசல் நிலைக்குக் கொண்டுவர நினைக்கும் வண்டியில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

கழற்றிய பம்ப் இன்னும் என்னிடம் இருக்கிறது. புதியது ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. இப்போது தூக்கிப் போடலாமா?

போட வேண்டாம். உடல் நன்றாக இருந்தால் பேரிங்கும் சீலும் மாற்றி, ஒட்டும் முகத்தில் எண்ணெய் தடவி, அளவுகளை எழுதிய தாளோடு ஒரு டின்னில் வைத்து மூடிவிடுங்கள். சீல் உரசும் முகத்தில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. டின்னின் மேல் "1489 பெட்ரோல்" என்று பெயிண்ட்டால் எழுதுங்கள். என்னுடையது மாடிப்படிக்குக் கீழே, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கிறது.